நந்தன் கொடுத்த நரம்பு: இசைமேடையும் நிவாரணக் கணக்கும்



1956 நவம்பர் 23 அதிகாலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த விரைவு ரயில் அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. மழை வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. ஏறத்தாழ 150 பேர் மாண்டார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இன்று அரியலூர் ரயில் விபத்து என்று சொன்னால் இந்தியா முழுக்க நினைவுக்கு வருவது அந்தப் பதவி விலகல்தான். போட்டித் தேர்வில் அது ஒரு மதிப்பெண் கேள்வி. அந்த ரயிலில் செத்த ஒருவருடைய பெயராவது நம்மில் யாருக்கும் தெரியுமா? சரியாக 51 ஆண்டுகள் கழித்து, 2007 நவம்பர் 23 அன்று, அரியலூர் தனி மாவட்டமாக மறுபடியும் உருவானது. தேதி ஒத்துப்போனது தற்செயல். ஆனாலும் அந்தத் தேதியில் மாவட்டத்தின் பிறந்தநாளைச் சொல்கிறோமே தவிர, ஆற்றில் போனவர்களை நினைப்பதில்லை.

சாஸ்திரியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பொறுப்பேற்று விலகிய அமைச்சர்கள் அதிகம் பேர் இல்லை. பேரிடரின் வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதற்காகச் சொல்கிறோம். கொடுத்தவர் பெயர் நிற்கிறது, பொறுப்பேற்றவர் பெயர் நிற்கிறது, பாடி நிதி திரட்டியவர் பெயர் நிற்கிறது. வாங்கியவர் பெயர் நிற்பதில்லை. வரிசையில் நின்றும் வாங்காமல் திரும்பியவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்த நினைவுச் சொற்பொழிவில் நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் அதுதான். பஞ்சமும் வெள்ளமும் வரும்போது இசைமேடை கருணையைத் திரட்டுகிறது. அந்தக் கருணை சேரிக்கு வந்து சேர்ந்ததா? சேரவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றுபோனது?

குன்னத்தில் நடந்த இசை நாடகம்

மேலைநாடுகளில் பூகம்பமோ வெள்ளமோ வந்தால் ஆப்பரா அரங்குகளில் நிதி திரட்டும் இசை விழாக்கள் நடப்பதுண்டு. சீமான்களும் சீமாட்டிகளும் உயர்ந்த விலைக்கு நுழைவுச்சீட்டு வாங்கி வந்து உட்காருவார்கள். பாடகர்கள் கூலி வாங்காமல் பாடுவார்கள். இது புது வழக்கம் இல்லை. ஆப்பரா எழுதிப் புகழ்பெற்ற ஹாண்டெல் தன் ‘மெசையா’ இசைநூலை 1742இல் டப்ளின் நகரில் முதன்முதலாக அரங்கேற்றியதே தர்ம நிகழ்ச்சியாகத்தான். அந்த வருமானத்தில் கடனுக்காகச் சிறையிலிருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள், மருத்துவமனைகளுக்குப் பணம் போனது.

ஆப்பரா நமக்கு அந்நியம் என்று நினைக்கத் தோன்றும். ஒரு கதையை முழுக்கப் பாட்டாகவே நடத்துவதுதான் ஆப்பரா என்றால், அது நம் பெரம்பலூர், அரியலூர் மண்ணில் 150 ஆண்டுகளுக்கு முன்பே ஊர் ஊராக நடந்திருக்கிறது. சீர்காழி அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய இராம நாடகக் கீர்த்தனையைப் பலரும் தமிழின் ஆப்பரா என்றே சொல்கிறார்கள். உ.வே. சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர் அதைப் பாடிப் பிரசங்கம் செய்து பிழைத்தவர். உடையார்பாளையம் ஜமீனில் இருந்த கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று அந்தக் குடும்பம் அலைந்ததை உ.வே.சா. ‘என் சரித்திர’த்தில் விரிவாக எழுதியிருக்கிறார். சிறுவன் சாமிநாதன் தமிழ் கற்றது இந்த ஊர்களில்தான்.

அந்தப் பிரசங்கங்களுக்கு ஒரு பொருளாதாரம் இருந்தது. கதை பல நாள் நடக்கும். பட்டாபிஷேகத்தன்று ஊரார் கூடிப் பணமும் தானியமும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரு குடும்பத்தின் முட்டுப்பாட்டை ஊர் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. பாட்டின் முடிவில் நிதி திரட்டும் வழக்கம் நம் மண்ணில் அங்கேயே இருக்கிறது.

அதில் யாருக்குப் பங்கு? அந்தத் தானியத்தை விதைத்து அறுத்தவர்கள் சேரியில் இருந்தார்கள். பிரசங்கம் நடந்தது ஊர்த்தெருவில், திண்ணையில், கோயிலில். அந்த இடங்களுக்குள் நம் பாட்டன் பாட்டி கால் வைத்திருக்க முடியாது என்பதற்குத் தனிச் சான்று வேண்டியதில்லை. தானியம் சேரியின் உழைப்பிலிருந்து வந்தது, புண்ணியம் ஊரின் கணக்கில் ஏறியது.

நந்தன்: மேடைக்குள் வந்தவனும் வராதவனும்

இராம நாடகத்துக்கு அடுத்து தமிழ்நாட்டை ஆட்டிவைத்த இசை நாடகம் கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’. 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் அதிகாரியாக இருந்த சீசே என்ற பிரெஞ்சுக்காரரின் உதவியோடு அது அச்சானது. பாரதியார் மாயவரத்தில் இருந்தபோது உ.வே.சா.வும் சில காலம் அவரிடம் இசை கற்றார். பின்னாளில் அவருடைய வரலாற்றையும் எழுதினார்.

கதை உங்களுக்குத் தெரியும். சேக்கிழாரின் பெரிய புராணத்தில் நந்தனார் கொள்ளிடம் பாயும் மேற்காநாட்டு ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்தவர். அந்தக் கொள்ளிடம்தான் இன்று அரியலூர் மாவட்டத்தின் தெற்கெல்லை. அவர் செய்த தொண்டு என்று சேக்கிழார் சொல்வதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கோயில் முழவுகளுக்குப் போர்த்தத் தோலும் இழுத்துக் கட்ட வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். தோல் இல்லாமல் முழவில்லை, நரம்பு இல்லாமல் யாழில்லை. உள்ளே ஒலிக்கும் இசை முழுவதற்கும் பொருள் கொடுத்தவர் வெளியே நின்றார்.

பெரிய புராணத்தில் பண்ணையார் இல்லை. நந்தனை நிலத்தில் கட்டிப்போடும் வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அடிமை முறையை நீதிமன்றம் ஏற்காது என்று 1843இல் சட்டம் வந்திருந்தது. ஆனாலும் தஞ்சைத் தரணியில் பண்ணையாள் முறை அசையாமல் இருந்தது. அதைக் கண்ணால் கண்ட பாரதியார் தன் காலத்துப் பண்ணையையே மேடையேற்றினார். அதற்கு அவரைப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த வேதியர் நந்தனுக்கு வைக்கும் நிபந்தனையைப் பாருங்கள். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார். இறைவன் ஓர் இரவில் அதை முடித்துக் கொடுக்கிறார். அவை உருகுகிறது, வேதியர் மனம் மாறுகிறார், நந்தன் தில்லைக்குப் போய்த் தீயில் புகுகிறான். கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். சேரியில் இருந்த நந்தன் மறுநாள் காலையில் அதே வயலுக்குத்தான் போனான்.

தாது வருஷம்

இந்த இசை நாடகம் ஊரெங்கும் புகழ்பெற்று ஒரு தலைமுறை கழிவதற்குள் 1876–78 பஞ்சம் வந்தது. நம் பாட்டிகள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது அதுதான். தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவிலேயே, 1877 ஜனவரி 1 அன்று, டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் ஆடம்பரமாக நடந்தது.

அப்போது மாயவரத்தில் ஒருவர் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார். முன்சீப்பாக இருந்து ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலை எழுதியவர். கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு ஊற்றினார், தன் பொருளைச் செலவிட்டார். பஞ்சத்தைப் பற்றியும் கீர்த்தனைகள் எழுதினார். அதைப் பார்த்து நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், வேதநாயகரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். மனிதரைப் பாடாத பாரதியார் மனிதரைப் பாடினார் என்று இன்றும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

வேதநாயகரின் ஈரம் உண்மையானது. கஞ்சி ஊற்றிய கையை நாம் இகழமாட்டோம். ஆனால் ஒரு பாட்டின் வழியாக வரலாற்றில் என்ன தங்கியது என்று பார்க்க வேண்டும். நந்தனைப் பாடிய அதே வாய், நந்தனின் பேரப்பிள்ளைகள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஆண்டில், கஞ்சி ஊற்றியவரைப் பாடியது. வரிசையைப் பாடவில்லை. சாதி பார்த்து வரிசை பிரிந்ததா, கடைசியில் நின்றவனுக்கு அடிக்கஞ்சி மிஞ்சியதா என்று சொல்லும் பாட்டு நமக்கு வந்து சேரவில்லை.

அரசு என்ன செய்தது? சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு ஒரு கூலியை நிர்ணயித்தார். நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும். இது உயிர் வாழப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். உழைக்காதவனுக்கு நிவாரணம் இல்லை என்பது டெம்பிளின் சட்டம், நாற்பது வேலியை முடிக்காதவனுக்குச் சிதம்பரம் இல்லை என்பது வேதியரின் சட்டம். டெம்பிளின் முகாமில் இறைவன் வந்து மண் சுமக்கவில்லை.

அந்த நிவாரண வேலையில் வெட்டப்பட்ட கால்வாய் இன்றும் சென்னைக்குள் கிடக்கிறது. அதற்குப் பெயர் பக்கிங்ஹாம் கால்வாய். பக்கிங்ஹாம் பிரபு அன்றைய கவர்னர். வெட்டியவர்கள் பெயரில் அங்கே ஒரு கல்கூட இல்லை.

விதையும் மாடும்

1877 ஆகஸ்டில் சென்னையில் பெரியவர்கள் கூடி உலகத்திடம் உதவி கேட்டார்கள். லண்டன் மேயர் தன் மாளிகையின் பெயரில் நிதி திறந்தார். பிரிட்டனிலிருந்தும் குடியேற்ற நாடுகளிலிருந்தும் லட்சக்கணக்கான பவுன் வந்தது. அன்றைய உலகின் மிகப்பெரிய நிவாரண நிதிகளில் அது ஒன்று.

அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற இடத்தில்தான் நாங்கள் தேடிய கேள்விக்கு விடை இருக்கிறது. உயிரைக் காப்பது அரசின் வேலை, தர்ம நிதி அதற்கு மேல் உள்ளதைச் செய்யும் என்று வரையறுத்தார்கள். அநாதைக் குழந்தைகளுக்கு உதவி, உடையில்லாதவர்களுக்கு உடை. முகாமுக்கு வந்து நிற்க வெட்கப்படும் ‘மரியாதையான’ குடும்பங்களுக்கும், வெளியே வராத பெண்களுக்கும் வீட்டிலேயே உதவி. பயிர் செய்கிறவர்கள் மறுபடி எழுந்து நிற்க விதை, மாடு.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பட்டியலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் விதை யாருக்கு? நிலம் இருந்தவனுக்கு. மாடு யாருக்கு? மாட்டை இழந்தவனுக்கு. வீட்டு வாசலில் உதவி யாருக்கு? வீடு என்று சொல்ல ஒன்று இருந்து, இழக்க மரியாதை என்று ஒன்று இருந்ததாக ஊர் ஒப்புக்கொண்டவனுக்கு. பண்ணையாளுக்கு நிலமில்லை, மாடில்லை. அவன் இழந்தது கூலியை, பிள்ளையை, தன் உடம்பை. அவை எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. இழப்பைச் சொத்தால் அளந்தால், சொத்தில்லாதவன் இழப்பில்லாதவன் ஆகிவிடுகிறான். கருணை நின்றுபோன இடம் இதுதான். மேடையில் கண்ணீர் குறைவாக இருந்ததால் அது நிற்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் நமக்கு ஒரு கட்டம் இல்லாததால் நின்றது.

அதே 1877இல், அதே பஞ்சத்தைப் பற்றி, மராத்திய மண்ணிலிருந்து வேறொரு பதிவு கிடைக்கிறது. ஏப்ரல் மாதம் ஜுன்னர் பகுதியிலிருந்து சாவித்திரிபாய் புலே தன் துணைவர் ஜோதிராவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மக்கள் ஊரைவிட்டு ஓடுவதை, கால்நடைகள் சாய்வதை, வட்டிக்காரர்களின் கொள்ளையை, நிவாரணத்துக்கு நின்ற சத்தியசோதகத் தோழர்கள் மீது பழி விழுந்ததை அதில் எழுதினார். புலே தம்பதியரின் சத்தியசோதக சமாஜம் பஞ்சத்தில் தவித்த குழந்தைகளுக்கு உணவும் உறைவிடமும் நடத்தியது. கொடுத்தவரைப் பாடும் கீர்த்தனை ஒரு பக்கம், பட்டவர்களைச் சொல்லும் கடிதம் மறுபக்கம். இரண்டும் ஒரே ஆண்டின் சரக்கு. எது நம் முன்மாதிரி என்று சொல்லத் தேவையில்லை.

மேடையிலும் இந்த மாற்றம் நடக்க முடியும் என்று 1943 வங்கப் பஞ்சம் காட்டியது. இந்திய மக்கள் நாடக மன்றத்தின் கலைஞர்கள் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகப் போய் நிவாரண நிதி திரட்டினார்கள். 1944இல் பிஜன் பட்டாச்சார்யாவின் ‘நபான்ன’ நாடகம் பசியில் நகரத்துக்கு ஓடிவந்த விவசாயிகளையே கதைமாந்தர்களாக்கியது. அங்கே அரசனும் இல்லை, வள்ளலும் இல்லை.

ஆழிப்பேரலையும் அடைமழையும்

பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். உலகமே பாடி, ஆடி, நிதி திரட்டி அனுப்பியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் என்ன நடந்தது? முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை, தண்ணீரிலும் உணவிலும் பாகுபாடு காட்டப்பட்டதை தலித் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் அப்போதே பதிவு செய்தன. படகு இழந்தவருக்குப் படகு, வலை இழந்தவருக்கு வலை என்று நிவாரணம் வந்தது. மீனவர்களின் இழப்பு பெரியது, அவர்களுக்குக் கொடுத்தது நியாயம். ஆனால் கரையில் கூலி வேலை செய்தவரும், உப்பேறிப்போன வயலில் நாற்று நட்டவரும் சேரிக்காரர்கள். அவர்களுக்குப் படகுமில்லை, பட்டாவுமில்லை. 1877இன் விதையும் மாடும் 2005இல் படகும் வலையுமாகத் திரும்பி வந்தன.

அழுகிய சடலங்களை எடுத்தவர்கள் யார்? வெளியூர் நகராட்சிகளிலிருந்தும் வரவழைக்கப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள். பெரும்பாலும் நம் மக்கள்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் அதுவே நடந்தது. பிற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான துப்புரவுப் பணியாளர்கள் அழைத்துவரப்பட்டார்கள். பலர் கையுறையும் காலணியும் இல்லாமல் குப்பையை அள்ளினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த மாதம் வெள்ள நிவாரணத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் ‘நெஞ்சே எழு’ என்ற இசை நிகழ்ச்சியை நடத்தினார். பாடிய குரல்களுக்கு நன்றி சொல்கிறோம். நகரத்தைச் சுத்தம் செய்துவிட்டு ஊர் திரும்பியவர்களின் பெயர்ப் பட்டியலும் அதே மரியாதையோடு பாதுகாக்கப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு உலகறிந்த சான்றும் உண்டு. 1971 ஆகஸ்ட் 1 அன்று ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் வங்கதேச மக்களுக்காக நடத்திய கச்சேரி, இன்றைய நிதி திரட்டும் இசை விழாக்களுக்கெல்லாம் முன்னோடி. அதன் இசைத்தட்டிலிருந்தும் படத்திலிருந்தும் வந்த பணத்தில் பெரும்பகுதி வரிச் சிக்கலில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. மேடை ஒரே நாளில் முடிந்தது, கணக்கு முடியவில்லை.

இனி நம் மேடை

நந்தன் கொடுத்த தோலும் நரம்பும் இன்று நம் கையில் இருக்கின்றன. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவை மேடையேற்றியது. 2020 டிசம்பரிலிருந்து மார்கழியில் மக்களிசை விழா நடக்கிறது. பறையும் ஒப்பாரியும் அரங்குக்குள் வந்துவிட்டன. அடுத்த புயல் வரும்போது, நாமும் மேடை போட்டு நிதி திரட்டுவோம். அப்போது பழைய மேடையின் தவறை நாம் செய்யக்கூடாது.

ஆழிப்பேரலைக்குப் பிறகு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 நம்மிடம் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்குக் குடிநீர், உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றில் குறைந்தபட்சத் தரம் வகுக்கச் சொல்கிறது. 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதி, பால், சமூகம், பிறப்பு, மத அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. நிவாரணம் இனி யாருடைய பாட்டுக்கும் நெகிழ்ச்சிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்டு வாங்குவதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு எண்ணை முகாமில் நின்று சத்தமாகச் சொல்ல ஆள் வேண்டும்.

ஆகவே மாணவர்களிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்கிறோம். முதலாவது, வெள்ளமோ வறட்சியோ வருவதற்கு முன்பே உங்கள் சேரியின் பட்டியலை எழுதி வையுங்கள். எத்தனை குடும்பம், யார் கூலி, யாருக்குக் குடும்ப அட்டை இல்லை, யார் புறம்போக்கில் குடியிருக்கிறார்கள், ஒரு நாள் வேலை போனால் எவ்வளவு போகும். பட்டா இல்லாதவரின் இழப்பையும் எண்ணால் காட்டும் கட்டத்தை நாமே வரைவோம். இரண்டாவது, நாம் நடத்தும் எந்த நிதி நிகழ்ச்சியிலும் வந்த கணக்கும் கொடுத்த கணக்கும் அதே மேடையில் வாசிக்கப்பட வேண்டும். மூன்றாவது, குன்னத்திலும் உடையார்பாளையத்திலும் செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் வயதானவர்களிடம் போய் உட்காருங்கள். பஞ்சத்தில், வெள்ளத்தில், 1956இன் அந்த அதிகாலையில் என்ன நடந்தது என்று அவர்கள் தங்கள் பெற்றோரிடம் கேட்டதைக் கேளுங்கள். பெயர்களை எழுதுங்கள். ஒப்பாரி பாடுகிறவர்கள் இருந்தால் அதையும் பதிவு செய்யுங்கள். அதில் செத்தவர் பெயர் இருக்கும்.

கொடுத்தவரைப் பாட ஒரு கோபாலகிருஷ்ண பாரதி இருந்தார். வரிசையில் நின்றவரை எழுத நாம்தான் இருக்கிறோம். மருதையாற்றுப் பாலத்தை அடுத்த முறை ரயிலில் கடக்கும்போது சன்னலைத் திறந்து ஒரு நிமிடம் பாருங்கள். அங்கே யாரெல்லாம் போனார்கள் என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால், அமைச்சரின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஜெய் பீம்.